நம் பிள்ளைகள் குடிக்கும் நீர்: ஆசிரியர்கள் கற்க வேண்டிய ஒரு பாடம்



ஒவ்வொரு நாளும் நம் பிள்ளைகள் ஆறேழு மணி நேரம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். மாலையில் மக்தபுக்கும் செல்கிறார்கள். இந்த இரண்டு இடங்களிலும் அவர்கள் குடிக்கும் நீரைக் கவனிப்பது யார்? தொட்டியைக் கழுவ ஒருவர் இருப்பார், மோட்டார் போட ஒருவர் இருப்பார். அந்த நீரில் என்ன இருக்கிறது என்று சோதித்துப் பார்க்கத் தெரிந்தவர் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த இடத்தை நிரப்பக்கூடியவர் ஆசிரியர். அதனால் இந்த மாதப் பாடமாக, நீரின் தரத்தைப் பற்றி ஆசிரியர்களுக்குத் தரப்படும் பயிற்சி என்ன, அதில் அவர்கள் எதைக் கற்கிறார்கள், அதை நம் மஹல்லாக்களில் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை எடுத்துக்கொள்கிறோம்.

1. தூய்மையான நீரும் பாதுகாப்பான நீரும்

நீரின் தூய்மையைப் பற்றி நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஃபிக்ஹு நூல்கள் பெரும்பாலும் தொடங்குவதே நீரின் பாடத்தில்தான். அதிக அளவு நீரில் நஜீஸ் விழுந்து, அதன் நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றில் ஒன்று மாறிவிட்டால் அந்த நீர் அசுத்தமாகிவிடும் என்று மக்தபிலேயே படித்திருக்கிறோம். தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதும் நாம் அறிந்ததே.

இந்தச் சட்டம் உளூவுக்கும் குளிப்புக்கும் உரிய தூய்மையைப் பற்றியது. குடிப்பதற்குப் பாதுகாப்பானதா என்பது அதற்கு அடுத்த கேள்வி. ஃபுளோரைடுக்கு நிறமில்லை. நைட்ரேட்டுக்கு மணமில்லை. ஆர்சனிக்குக்குச் சுவையில்லை. நோய்க்கிருமிகள் கலந்த நீரும் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கலாம். உளூவுக்குத் தகுந்த நீர் என்பதாலேயே குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்கலாம் என்று முடிவு செய்துவிட முடியாது.

இதற்கு வங்கதேசம் பெரிய சாட்சி. குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்ற, 1970களிலிருந்து அங்கே லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. நல்ல எண்ணத்தோடு செய்த வேலை. தெளிவான, சுவையான நீர் வந்தது. 1993-இல்தான் அந்த நீரில் ஆர்சனிக் இருப்பது தெரியவந்தது. அதற்குள் பல ஆண்டுகள் மக்கள் அதைக் குடித்திருந்தார்கள். பின்னர் கிணறு கிணறாகச் சோதித்து, ஆபத்தான குழாய்களுக்குச் சிவப்பு, பாதுகாப்பான குழாய்களுக்குப் பச்சை என்று வண்ணம் பூசினார்கள். போர் போட்டுக் கொடுப்பது நீங்காத தர்மம் என்று நாம் நம்புகிறோம். அந்த நீரைச் சோதித்துப் பார்ப்பதும் அந்தத் தர்மத்தின் ஒரு பகுதி என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

நீரை அளந்து அறிவது நம் முன்னோர்களுக்கும் அந்நியமான கலை அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்பிரூனி, நன்னீருக்கும் உப்பு நீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டை ஆராய்ந்தார். 1121-இல் அல்காஸினீ தராசைப் பற்றி எழுதிய நூலில் பலவகை நீர்களின் அடர்த்தியைப் பதிவு செய்தார்.

2. நம் பகுதிக்கு வரும் நீர்

அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது. பூந்தமல்லி நகராட்சி. சுற்றியுள்ள கிராமங்கள் ஊராட்சிகளில் இருக்கின்றன. ஒரு பிள்ளை காலையில் வீட்டில் ஒரு நீரையும், பள்ளியில் வேறொரு நீரையும், மாலையில் பள்ளிவாசலில் மூன்றாவது நீரையும் குடிக்கக்கூடிய பகுதி நம்முடையது.

குழாயில் வரும் ஏரி நீர் ஒரு வகை. செம்பரம்பாக்கத்தில் 2007 முதல் இயங்கும் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. ஆழ்துளைக் கிணற்று நீர் இன்னொரு வகை. லாரி நீர், கேன் நீர் ஆகியவை வேறு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் 25 லட்சம் லிட்டர் நீர் நம் பக்கத்து வில்லிவாக்கத்துக்கு வந்து இறங்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். நீர் வரும் இடம் மாறும்போது அதன் தரமும் மாறுகிறது.

நிலத்தடி நீரின் கதை வேறு. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. நம் குடும்பங்களில் எத்தனையோ பேருக்கு அது சோறு போட்டிருக்கிறது. அதே வேளையில், கொரட்டூர் ஏரியில் கழிவுநீரும் ஆலைக் கழிவும் கலப்பதைத் தடுக்கக் கோரி அப்பகுதி மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை செல்ல நேர்ந்தது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் இருக்கும் தெருக்களில், அதன் கசிவு பக்கத்துப் போரின் நீரில் சேர வாய்ப்புண்டு. மழைக்கு முன் ஒரு தரம், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வேறொரு தரம். ஒருமுறை சோதித்து "நல்ல நீர்" என்று சான்று வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

3. ஆசிரியர்களுக்கான பயிற்சி எப்படி வந்தது?

அரசு ஆய்வகங்களால் ஒவ்வொரு குழாயையும் ஒவ்வொரு மாதமும் சோதிக்க இயலாது. அதனால் 2006 பிப்ரவரியில் மத்திய அரசு ஊரகக் குடிநீர்த் தரக் கண்காணிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஊராட்சிக்கு ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, கையில் எடுத்துச் செல்லக்கூடிய பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது அதன் ஒரு பகுதி. அங்கன்வாடிப் பணியாளர், சுகாதாரப் பணியாளர் ஆகியோருடன் பள்ளி ஆசிரியரும் அந்தப் பட்டியலில் இருந்தார். நம் மாநிலத்தில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் இத்தகைய பெட்டியைத் தானே உருவாக்கிப் பயிற்சியும் அளித்தது. 2019-இல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு இந்தப் பயிற்சி தர வேண்டும் என்று வகுக்கப்பட்டது.

பள்ளிகளின் வழியாகவும் இந்தக் கல்வி வந்தது. 2001-02-இல் தொடங்கிய தேசியப் பசுமைப் படையின் பொறுப்பாசிரியர்களுக்குச் சுற்றுச்சூழல் பயிற்சிகள் நடந்தன. இவ்வாறு ஆசிரியர்களைப் பயிற்றுவித்த நிறுவனங்களில் சென்னையின் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையமும் ஒன்று. உலக அளவில் 'குளோப்' என்ற திட்டம் 1995 முதல் நடக்கிறது. இந்தியா 2000-இல் அதில் சேர்ந்தது. முதலில் ஆசிரியர் பயிற்சி பெறுவார். பிறகு அவருடைய மாணவர்கள் அருகிலுள்ள ஏரியின் வெப்பநிலை, அமிலத்தன்மை, கரைந்துள்ள ஆக்சிஜன் ஆகியவற்றை அளந்து பதிவு செய்வார்கள்.

4. பயிற்சியில் என்ன கற்கிறார்கள்?

முதல் பாடம்: மாதிரி எடுத்தல். தவறுகள் மிகுதியாக நேர்வது இங்கேதான். குழாயைத் திறந்து இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட வேண்டும். இரசாயனச் சோதனை என்றால், பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனை என்றால், ஆய்வகம் கொடுத்த கிருமிநீக்கிய பாட்டிலை அலசவே கூடாது. மூடியின் உட்பக்கத்தில் விரல் படக் கூடாது. குளிர்ச்சியாக வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். இடம், நாள், நேரம் எழுதாத மாதிரி எதற்கும் பயன்படாது. பழைய குளிர்பான பாட்டிலில் பிடித்துச் செல்லும் நீர், அந்த பாட்டிலின் கதையையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

இரண்டாம் பாடம்: எண்களைப் படித்தல். இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயத்தின் எண் ஐ.எஸ். 10500. இப்போது நடைமுறையில் இருப்பது 2012-ஆம் ஆண்டுத் திருத்தம். பல பொருள்களுக்கு அது இரண்டு எல்லைகளைச் சொல்கிறது. ஒன்று, ஏற்கத்தக்க எல்லை. மற்றொன்று, வேறு நீர் கிடைக்காதபோது மட்டும் அனுமதிக்கப்படும் எல்லை. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் சில:

கரைந்த உப்புகள், அதாவது டி.டி.எஸ்.: 500, அனுமதி 2000 வரை.
கடினத்தன்மை: 200, அனுமதி 600 வரை.
குளோரைடு: 250, அனுமதி 1000 வரை.
ஃபுளோரைடு: 1, அனுமதி 1.5 வரை.
நைட்ரேட்: 45, அதற்கு மேல் தளர்வு இல்லை.
பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும்.
மலக்கழிவைக் காட்டும் ஈ.கோலி கிருமி 100 மில்லி நீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

எல்லா எண்களும் ஒரே வகை ஆபத்தைக் குறிப்பதில்லை. கடினத்தன்மை 400 என்றால் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் உப்புப் படியும், அஞ்ச வேண்டியதில்லை. நைட்ரேட் 100 என்றால் கைக்குழந்தைக்கு அந்த நீரில் பால் கலக்கக் கூடாது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடும். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. ஈ.கோலி இருந்தால் அன்றே நடவடிக்கை தேவை. இந்த வரிசையை அறிந்த ஆசிரியர் தேவையில்லாமல் பீதி கிளப்ப மாட்டார், தேவையான இடத்தில் சும்மா இருக்கவும் மாட்டார்.

மூன்றாம் பாடம்: சோதனைகள். கடினத்தன்மைச் சோதனையில், சிவந்த நிறத்தில் இருக்கும் நீரில் ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். நீல நிறமாக மாறும்வரை எத்தனை சொட்டு ஆயிற்று என்பதிலிருந்து அளவு தெரியும். குளோரைடு சோதனையில் மஞ்சள் நிறம் செங்கல் நிறமாக மாறும். குளோரின் சோதனையில் இளஞ்சிவப்பு எந்த அளவுக்கு வருகிறது என்பதை அட்டையோடு ஒப்பிடுவார்கள்.

கிருமிக்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு சிறு குப்பியில் நீரை ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள் வைத்தால், மலக்கழிவு கலந்த நீர் பெரும்பாலும் கறுத்துவிடும். குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தின் அறிவியலாளர்கள் 1982-இல் உலகுக்குத் தந்த முறை இது. விலை குறைவு, மின்சாரக் கருவி தேவையில்லை. கறுத்தால் எச்சரிக்கை, ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்ய வேண்டும். கறுக்காவிட்டாலும் அது முழு உத்தரவாதம் ஆகாது.

இந்தப் பெட்டியில் அமிலங்களும் சில இரசாயனங்களும் இருக்கும். அவை ஆசிரியரின் கையில் இருக்க வேண்டும். சொட்டுகளை எண்ணுவதும் நிறத்தை ஒப்பிடுவதும் எழுதுவதும் பிள்ளைகளின் வேலை.

5. டி.டி.எஸ். மீட்டரும் பழுப்பாகும் நீரும்

இப்போது பல வீடுகளில் நீர்ச் சோதனை என்றால் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர்தான். அது நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து, உப்பின் மொத்த அளவை மதிப்பிடுகிறது. கிருமியை அது காட்டாது. எந்த உப்பு என்றும் சொல்லாது. மீட்டரில் 150 காட்டும் நீரில் வயிற்றுப்போக்கு இருக்கலாம். 700 காட்டும் நீர் கிருமியில்லாமல் இருக்கலாம்.

வாசலுக்கு வரும் விற்பனையாளர் சிலர் இன்னொரு வித்தை காட்டுவார்கள். ஒரு டம்ளரில் வீட்டு நீர், ஒரு டம்ளரில் ஆர்.ஓ. நீர். இரண்டிலும் கம்பிகளை வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். வீட்டு நீர் பழுப்பாகிச் சேறு போல ஆகும், ஆர்.ஓ. நீர் அப்படியே இருக்கும். "இதைத்தான் நீங்கள் குடிக்கிறீர்கள்" என்பார்கள். அந்தப் பழுப்பு கம்பியின் இரும்பு கரைந்து உண்டான துரு. வீட்டு நீரில் உப்பு இருப்பதால் மின்சாரம் பாய்ந்து கம்பி கரைகிறது. ஆர்.ஓ. நீரில் உப்பு குறைவு என்பதால் கரைவதில்லை. அந்த ஆர்.ஓ. நீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மீண்டும் செய்யச் சொன்னால், அதுவும் பழுப்பாகும்.

ஆர்.ஓ. கருவியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உப்பு மிகுந்த போர் நீருக்கு அது பயன்படும். மாதத் தவணையில் கருவி வாங்கும் குடும்பம், பயத்தால் வாங்காமல் சோதனை முடிவைப் பார்த்து வாங்கட்டும் என்கிறோம். எட்டாம் வகுப்பு மாணவிக்கு இந்த வித்தையின் விளக்கம் தெரிந்தால், அவள் தாய்க்கு அதைச் சொல்லிவிடுவாள்.

6. கறுத்த குப்பிக்குப் பிறகு என்ன?

சோதித்துக் குறை கண்டபின் எதுவும் செய்யாவிட்டால் சோதனையால் பயனில்லை. பயிற்சியின் கடைசிப் பகுதி இதைப் பற்றியதே. கிருமி இருப்பதாகத் தெரிந்தால் அந்த நீரைக் குடிப்பதை உடனே நிறுத்த வேண்டும். அதுவரை கொதிக்க வைத்த நீர் தர வேண்டும். தொட்டிக்கு மூடி இருக்கிறதா, கழிவுநீர்க் குழாய் அருகில் போகிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டியைக் கழுவிக் குளோரின் இட வேண்டும்.

இதுவும் ஒரு கணக்குப் பாடம்தான். நல்ல பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின். தெளிந்த நீர் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் இட்டால், லிட்டருக்குச் சுமார் 0.8 மில்லிகிராம் குளோரின் சேரும். 5000 லிட்டர் தொட்டிக்கு 12.5 கிராம். பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்து, தெளியவிட்டு, மேலுள்ள நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துக் கடைசிக் குழாயில் சோதித்தால் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும். திறந்து வைத்த பழைய பவுடரில் சத்து போயிருக்கும். அளவு சரியாக இருந்தும் பயன் இராது. மிச்சக் குளோரின் இல்லை என்றால் பவுடர் பழையதா, தொட்டி அழுக்கா என்று தேட வேண்டும். பள்ளிவாசல் ஹவ்ளையும் இதே கண்ணோடு பார்ப்பது நல்லது. பிள்ளைகள் அங்கே வாய் கொப்பளிக்கிறார்கள், சில வேளை விழுங்கியும் விடுகிறார்கள்.

7. ஒருநாள் பயிற்சி ஏன் போதாது?

இத்தகைய திட்டங்களில் அடிக்கடி காணும் குறை ஒன்று உண்டு. ஒருநாள் பயிற்சி நடக்கும், புகைப்படம் எடுப்பார்கள், பெட்டி பள்ளி பீரோவுக்குள் போய்விடும். இரசாயனங்களுக்குக் காலாவதித் தேதி உண்டு. தீர்ந்ததும் மறுபடி வாங்க யாரும் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அந்த அறிவும் அவரோடு போய்விடும்.

ஆகவே நம் மஹல்லாக்களுக்கு நாம் முன்வைக்கும் ஏற்பாடு இது:

ஒவ்வொரு பள்ளியிலும் மக்தபிலும் ஒருவருக்குப் பதில் இருவர் பயிற்சி பெறட்டும். அதில் ஒருவர் பெண் ஆசிரியராக இருப்பது நல்லது. தாய்மார்களோடு பேச அவரால் எளிதில் முடியும்.
மாதம் ஒருமுறை மாணவர்களோடு சோதித்து, ஒரே பதிவேட்டில் எழுதட்டும்.
கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை, மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்பட்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களிலும் கிண்டி கிங் நிலையத்திலும் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். பெட்டி காட்டிய எண்ணும் ஆய்வகத்தின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே ஆசிரியருக்குச் சிறந்த மறுபயிற்சி.
முடிவு எதுவாக இருந்தாலும் அறிவிப்புப் பலகையில் எழுதட்டும். நல்ல முடிவை மட்டும் எழுதும் பலகையை யாரும் நம்ப மாட்டார்கள்.
இரசாயனங்கள் வாங்கும் செலவை ஜமாஅத்தும் நம் அறக்கட்டளையும் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு போர் போடும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை.

ஒரு கவலையையும் சொல்லியாக வேண்டும். கெட்ட முடிவு வந்தால் பள்ளிக்குப் பெயர் கெடுமே என்று நிர்வாகிகள் தயங்கலாம். அந்தத் தயக்கம் புரிகிறது. ஆனால் பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கெட்ட முடிவை எழுதி, அதன் கீழே தொட்டி கழுவிய தேதியையும் மறுசோதனை முடிவையும் எழுதும் பள்ளியைத்தான் பெற்றோர் நம்புவார்கள். சோதித்த ஆசிரியரைக் குறை சொல்லாமல் பாதுகாப்பதும் ஜமாஅத்தின் பொறுப்பு.

கற்றுக்கொண்ட ஓர் ஆசிரியர் ஆண்டுக்கு நாற்பது மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால், அது நாற்பது வீடுகளின் சமையலறைக்குப் போகிறது. பயன் தரும் கல்வி, மனிதன் மறைந்த பின்னும் நன்மை சேர்க்கும் செயல்களில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். நீரும் கல்வியும் சேரும் இந்தப் பணியில் நம் ஆசிரியர்கள் முன்வர வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

குடும்பத்தோடு பேச:

நம் வீட்டுக்கு எத்தனை வகை நீர் வருகிறது? எதைக் குடிக்கிறோம், எதில் சமைக்கிறோம்?
தரைக்கீழ்த் தொட்டிக்கும் செப்டிக் டேங்குக்கும் எத்தனை அடி தூரம்? தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது?
கேனில் சீல், தயாரிப்புத் தேதி, உரிம எண் ஆகியவற்றைப் பார்த்து வாங்குகிறோமா?
பிள்ளையின் பள்ளியில் குடிநீரைக் கடைசியாகச் சோதித்தது எப்போது என்று இதுவரை கேட்டிருக்கிறோமா?

பயிற்சியில் சேர விரும்பும் ஆசிரியர்களும் முஅல்லிமாக்களும் தங்கள் மஹல்லா நிர்வாகிகளிடம் பெயர் கொடுக்கலாம். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு உடல் நலத்தையும் பயனுள்ள கல்வியையும் தந்தருள்வானாக. ஆமீன்.